ஒரு பஞ்சரும் கொஞ்சம் ரப்பர் வரலாறும்

சென்ற மாசியில் ஊருக்குப் போயிருந்தேன். மண்டைக்காட்டில் கொடை முடிந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. கோயிலைச் சுற்றிப் பந்தல்காரர்கள் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அம்மனைக் கும்பிட்டுவிட்டு மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். அப்பாவின் பழைய நூறு சிசி வண்டி. திடீரென்று பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிந்தது. வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும், அந்த நெளிவுக்கு ஒரே அர்த்தம்தான்.

இறங்கிப் பார்த்தால் பின் டயர் தரையோடு தரையாக இருக்கிறது. ஆணி ஏதும் கண்ணுக்குத் தெரியவில்லை. பஞ்சர் ஆன வண்டியை ஏறி ஓட்டக்கூடாது. ரிம் டியூபைக் கடித்து ஒன்றுக்கு ஒன்பது ஓட்டையாக்கிவிடும். அப்பா சொல்லிக்கொடுத்த வித்தை ஒன்று உண்டு. எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்தபடி கூடவே நடப்பது. வண்டி தானே தன்னை இழுத்துக்கொள்ளும். அப்படியே முக்கால் மணி நேரம் நடந்தேன். அந்த நடையில் தோன்றிய கேள்விகளும், பிறகு வாசித்துச் சேர்த்த பதில்களும்தான் இந்தக் கட்டுரை.

பஞ்சர் கடையில்

ஒரு வேப்பமரம், ஒரு தகரக் கூரை, நிற்கவைத்த பழைய லாரி டயரில் சுண்ணாம்பால் எழுதிய 'பஞ்சர்' என்ற சொல். நம் ஊர்ச் சாலைகளில் இதற்குமேல் விளம்பரம் தேவைப்படாது. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கலாம்.

"தள்ளிட்டுதானே வந்திய? ஓட்டல்லியே?"

"தள்ளிட்டுதான் வந்தேன் அண்ணே."

"அப்போ டியூபு பிழைச்சுது."

வீலைக் கழற்றவில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, வால்வு நட்டைத் திருகி எடுத்து, டயரின் ஒரு பக்கத்தைக் காலால் அழுத்தி மிதித்தார். மறுபக்கம் லிவரைக் கொடுத்து நெம்பினார். டயரின் விளிம்பு ரிம்மைத் தாண்டி வெளியே வந்தது. டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். சிறு குமிழிகள் வரிசையாக மேலே வந்தன.

எல்லாரும் பார்த்த காட்சிதான். ஆனால் அந்த மிதியில் ஒரு கண்டுபிடிப்பு ஒளிந்திருக்கிறது.

டன்லப்பும் அவருக்கு முன்னால் ஒருவரும்

காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் டன்லப் என்போம். ஜான் பாய்ட் டன்லப், வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் மாட்டு வைத்தியர். மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் பாவிய தெருவில் குலுங்குவதைப் பார்த்து, ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888-ல் காப்புரிமை கிடைத்தது. அடுத்த வருடமே சைக்கிள் பந்தயங்களில் அந்த டயர் மற்றவற்றைத் தோற்கடித்தது.

ஆனால் அதற்கு 43 வருடம் முன்பே, 1845-ல், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற 23 வயது ஸ்காட்லாந்துக்காரர் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அவர் அதைப் பூட்டியது குதிரை வண்டிக்கு. அன்றைக்கு சைக்கிளும் இல்லை, மோட்டாரும் இல்லை. டயருக்கான வேலையே இன்னும் பிறக்கவில்லை. உலகம் அதை மறந்துவிட்டது. டன்லப்புக்குத் தாம்சனைப் பற்றித் தெரியாது. பின்னால் விஷயம் வெளியே வந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போயிற்று. என் தொழிலிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் எழுதிக் கைவிட்ட நிரலையே பத்து வருடம் கழித்து இன்னொருவர் புதிதாக எழுதிப் பேர் வாங்குவார்.

இவர்கள் இருவருக்கும் முன்னால் ஒரு தடை இருந்தது. வெறும் ரப்பர் வெயிலில் உருகும், குளிரில் உடையும். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குணம் மாறுவதைக் கண்டார். நூல் நூலாகக் கிடக்கும் ரப்பர் மூலக்கூறுகளுக்கு நடுவே கந்தகம் முடிச்சுப் போடுகிறது. ரோமானியர்களின் நெருப்புக் கடவுள் வல்கன் பெயரால் இதற்கு வல்கனைசிங் என்று பெயர். நம் ஊர்ப் பஞ்சர் கடைப் பலகைகளில் 'ஆட்டோ வல்கனைசிங்' என்று எழுதியிருப்பது இதைத்தான். வேப்பமரத்தடியில் ரோமானியக் கடவுள்!

கழற்ற முடிவதுதான் கண்டுபிடிப்பு

டன்லப்பின் டயரில் ஒரு பெரிய குறை இருந்தது. அதைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். பஞ்சர் ஆனால் பிய்த்து எடுத்து, உள்ளே ஒட்டுப் போட்டு, திரும்பவும் பசை தடவிக் காயவிட வேண்டும். 1889-ல் பிரான்சின் க்ளெர்மோன்-ஃபெரான் நகரில் ரப்பர்ப் பட்டறை வைத்திருந்த மிஷலின் சகோதரர்களிடம் ஒருவர் இப்படிப் பஞ்சரான சைக்கிளைக் கொண்டுவந்தார். பழுது பார்க்க மணிக்கணக்கில் ஆனது, பசை காய ஓர் இரவு. மறுநாள் எடுவார்ட் மிஷலின் அதை ஓட்டிப் பார்க்கப் போனார். கொஞ்ச தூரத்திலேயே மறுபடியும் காற்றுப் போய்விட்டது. காற்றில் ஓடுவது சொர்க்கம், ஆனால் ஒட்டுப் போடுவது நரகம் என்று அவருக்குப் புரிந்தது. 1891-ல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். அதே வருடம் பாரிசிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் சார்ல் தெரோன் அந்த டயரோடு ஓட்டி ஜெயித்தார். வழியில் பஞ்சர் ஆகாமல் இல்லை. ஆனபோதெல்லாம் சீக்கிரம் சரிசெய்ய முடிந்தது என்பதுதான் விஷயம்.

அடுத்த வருடம் மிஷலின் நடத்திய இன்னொரு பந்தயத்தில் சாலையில் அவர்களே ஆணி தூவினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள், எவ்வளவு சுலபமாக ஒட்டலாம் என்று காட்டுவதற்காக. பஞ்சர் கடைக்காரர்தான் ராத்திரி ஆணி போடுகிறார் என்று நாம் ஆதாரமே இல்லாமல் பேசுகிற பேச்சுக்கு ஒரு பிரெஞ்சு மூதாதை இருக்கிறது.

இன்று நம் வண்டிகளில் இருப்பது மிஷலினின் அமைப்பு அல்ல. 1890-ல் இங்கிலாந்தில் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் காப்புரிமை வாங்கியது அது. டயரின் விளிம்புக்குள் நீளாத ஒரு கம்பி வளையம். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம். கம்பி வளையத்தின் சுற்றளவு ரிம் விளிம்பைவிடக் குறைவு, அதனால் காற்று இருக்கும்வரை டயர் கழன்று வராது. காற்றை இறக்கி ஒரு பக்க விளிம்பை நடுப்பள்ளத்துக்குள் தள்ளினால் மறுபக்கம் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வில்தான் லிவர் வேலை செய்கிறது. கடைக்காரர் காலால் மிதித்தது இதற்காகத்தான். பலசாலிகள் பலர் லிவரை மட்டும் வைத்து மல்லுக்கட்டி டியூபைக் கிழிப்பதைப் பார்த்திருக்கிறேன். பள்ளத்தை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் சாலையில் தனியாக மாட்டிக்கொண்டால் நினைவில் வைக்கவேண்டியது இது ஒன்றுதான்: லிவர் போடும் இடத்துக்கு நேர் எதிர்ப் பக்கம் விளிம்பு பள்ளத்துக்குள் இருக்கட்டும்.

வெளியிலிருந்தா, உள்ளிருந்தா?

குமிழி வந்த இடத்தில் அடையாளம் போட்டுவிட்டு, டியூபை டயர்மேல் வைத்து வால்வை வால்வுத் துளைக்கு நேராகப் பொருத்திப் பார்த்தார். இப்படிப் பார்த்தால் ஓட்டைக்கு நேராக டயரில் எங்கே ஆணி இருக்கவேண்டும் என்று தெரிந்துவிடும். காரணத்தை எடுக்காமல் ஒட்டுமட்டும் போட்டால் பத்தாவது கிலோமீட்டரில் திரும்ப இறங்கும்.

"அண்ணே, இது ஆணி இல்ல. ஓட்டை உள்பக்கம் இருக்கு பாத்தியளா? ரிம்மு குத்தியிருக்கு."

துடைத்துக் காட்டினார். ஸ்போக் கம்பிகளின் முனையை மூடியிருக்கும் ரப்பர்ப் பட்டை மக்கி அறுந்திருந்தது. அதன் கீழே ரிம் முழுக்கத் துரு. துருவேறிய ஒரு கம்பி முனை டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்திருக்கிறது.

"அப்பாக்க வண்டியா?"

"ஆமா. அப்பா இல்ல. ரெண்டு வருசமாச்சு."

"கடக்காத்துல ரெண்டு வருசம் சும்மா நிறுத்திப் போட்டா இரும்பு என்ன செய்யும்? ஓடுக வண்டி கெடாது. நிக்க வண்டிதான் கெடும்."

எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அப்பா போனபிறகு அந்த வண்டியை விற்கவும் மனசில்லை, எடுத்து ஓட்டவும் ஆளில்லை. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டேன். அதைப் பாதுகாப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒட்டு

ஓட்டையைச் சுற்றி எமரித் தாளால் தேய்த்தார். சொல்யூஷன் தடவினார். உடனே ஒட்டவில்லை, ஓரமாக வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். சொல்யூஷன் என்பது பசை என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது கரைப்பானில் கரைத்த இயற்கை ரப்பர். கரைப்பான் ஆவியாகிப் போனால்தான் ஒட்டும் டியூபும் ரப்பரோடு ரப்பராகப் பிடிக்கும். ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே மாட்டிய ஆவி ஒட்டைத் தூக்கிவிடும். பஞ்சர் வேலையில் கஷ்டமான பகுதி இந்தச் சும்மா இருப்பதுதான் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றைய டியூப்கள் பெரும்பாலும் மரத்துப் பாலில் செய்தவை அல்ல. 1937-ல் அமெரிக்காவில் பெட்ரோலியத்திலிருந்து செய்யப்பட்ட பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர் அது. இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு நன்றாகக் காற்றைப் பிடித்துவைக்கும். ஆனால் டயருக்கு இன்றும் மரத்துப் பால் வேண்டும். ஒட்டுவதற்கும் வேண்டும்.

அந்தப் பால் எங்கிருந்து வருகிறது என்று மண்டைக்காட்டில் நின்று கேட்டால், வடக்கே தெரியும் மலையைக் காட்டவேண்டும்.

விதையின் பயணம்

ரப்பர் மரம் அமேசான் காட்டுக்குச் சொந்தம். 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளை பிரேசிலிலிருந்து கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். மூவாயிரத்துக்கும் குறைவாகவே முளைத்தன. அவற்றில் பெரும்பங்கை அதே வருடம் இலங்கைக்கு அனுப்பினார்கள். கம்பகா அருகே ஹெனரத்கொடை தோட்டத்தில் அவை வளர்ந்தன. ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் இந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள்.

டன்லப்பின் டயர் வந்தபோது அந்தத் தோட்டங்கள் இன்னும் பால் தரும் நிலைக்கு வரவில்லை. உலகத்தின் திடீர் ரப்பர்ப் பசிக்குக் காட்டு ரப்பர்தான் கதி. அதற்கு விலை கொடுத்தவர்கள் காங்கோவின் கிராமத்து மக்கள். பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் தனிச் சொத்தாக இருந்த அந்த நாட்டில் ஒவ்வொரு கிராமமும் இவ்வளவு ரப்பர் கொண்டுவரவேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். கணக்குக் குறைந்தால் பெண்களைப் பிணையாகப் பிடித்தார்கள், ஊரைக் கொளுத்தினார்கள், கைகளை வெட்டினார்கள். 1904-ல் ரோஜர் கேஸ்மென்ட் எழுதிய அறிக்கை இதை உலகத்துக்குச் சொன்னது. 1908-ல்தான் லியோபோல்டின் கையிலிருந்து காங்கோ பறிக்கப்பட்டது. ஒரு குழந்தையின் சைக்கிள் குலுங்கக்கூடாது என்று தொடங்கிய விஷயம் அங்கே போய் நின்றது.

திருவிதாங்கூரில் 1902-ல் பெரியாற்றின் கரையில் தட்டேக்காட்டில் வணிகரீதியான முதல் ரப்பர்த் தோட்டம் வந்தது. கல்குளம், விளவங்கோடு பகுதிகள் அன்று திருவிதாங்கூரில் இருந்தன, மண்டைக்காடும்தான். மழையும் மலைச்சரிவும் ரப்பருக்குத் தோதாக இருந்ததால் குலசேகரம், பேச்சிப்பாறை, அருமனைப் பக்கம் மெல்ல மெல்ல ரப்பர் ஏறியது. 1942-ல் ஜப்பான் மலேயாவைப் பிடித்தபோது உலகத்தின் பெரிய ரப்பர்த் தோட்டங்கள் நேச நாடுகளின் கையைவிட்டுப் போயின. அப்போது இலங்கை ரப்பரும் திருவிதாங்கூர் ரப்பரும் தங்கமாக மதிக்கப்பட்டன. மலேயாத் தோட்டங்களில் அதுவரை பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு இழுத்துப்போனார்கள். பலர் திரும்பவில்லை. சுதந்திர வருடமான 1947-ல் ரப்பருக்கென்று தனிச் சட்டமும் வாரியமும் வந்தன. 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, ரப்பர் மலைகளும் கூடவே வந்தன. இன்று தமிழ்நாட்டின் ரப்பர் என்றால் பெரும்பாலும் குமரி ரப்பர்தான்.

மலையிலிருந்து ஒரு அம்மை

ஒட்டு காய்கிற இடைவெளியில் இதையெல்லாம் அரைகுறையாக அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். விக்காம், இலங்கை என்றதும் அவர் சிரித்தார்.

"எனக்க அம்மை சிலோன்ல பிறந்தவ. அங்க கொழுந்து எடுத்தா. இங்க வந்து கீரிப்பாறையில பால் வெட்டினா. நான் மலையிலதான் வளந்தேன்."

1964-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் குமரி மலைகளின் அரசு ரப்பர்த் தோட்டங்களில் வேலை தரப்பட்டது. அந்தத் தோட்டங்களை நடத்த 1984-ல் அரசு ரப்பர் கழகம் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. கீரிப்பாறை, மயிலார், சிற்றாறு, கோதையார் எல்லாம் அதன் தோட்டங்கள்.

பால்வெட்டு என்பது கேட்க எளிதாக இருக்கும். விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகவேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையை மட்டும் மெல்லிதாகச் சீவவேண்டும். கத்தி ஒரு நூல் ஆழம் கூடினால் மரத்துக்குப் புண், அந்த இடத்தில் பட்டை திரும்பச் சரியாக வளராது. சிரட்டையில் சொட்டிய பாலைச் சேர்த்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் அடித்து, புகையில் காயப்போடுவார்கள். வெட்டுக்காயத்திலும் சிரட்டையிலும் தங்கி உறைந்துபோவதை ஒட்டுப்பால் என்பார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு.

"அம்மை ஒரு மரத்தையும் புண்ணாக்க மாட்டா. கங்காணி சொல்லுவாராம். எனக்கு அந்தக் கை வரல்ல. அதான் கீழ இறங்கி டயரோட கெடக்கேன்."

அவர் ரப்பரை விட்டு வந்ததாகச் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இலங்கைக்குப் போன விதை, இலங்கைக்குப் போன மக்கள், இரண்டும் குமரி மலைக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து இந்த வேப்பமரத்தடிக்கு இறங்கியிருக்கின்றன.

டியூப் இல்லாத காலம்

காற்றடித்துவிட்டு, "இந்த வேலை இன்னும் பத்து வருசம் ஓடுமாண்ணு தெரியல்ல" என்றார். புது வண்டிகளில் டியூப்லெஸ் டயர்தான். குட்ரிச் நிறுவனத்தின் ஃபிராங்க் ஹெர்ஸெக் அதற்குக் காப்புரிமை பெற்றது 1952-ல். ஆணி ஏறினால் காற்று பொசுக்கென்று போகாது. வெளியிலிருந்தே ஒரு ரப்பர்த் திரியைச் சொருகிவிட்டுப் போகலாம். திரியும் ஊசியும் ஆன்லைனில் கிடைக்கின்றன, என் பெங்களூர் நண்பர்கள் பலர் சீட்டுக்கடியில் வைத்திருக்கிறார்கள். கடையே தேவையில்லை. ஆனால் ஸ்போக் வைத்த சாதாரண ரிம்மில் கம்பித் துளைகள் வழியே காற்றுப் போகுமென்பதால் டியூப்லெஸ் நிற்காது. ஸ்போக் இருக்கிறவரை டியூப் இருக்கும். டியூப் இருக்கிறவரை இந்தக் கடை இருக்கும்.

"அலாய் வீல் போட்டா டியூப்லெஸ் ஆக்கிரலாம். அதுக்கு எங்கிட்ட வராண்டாம்" என்று அவரே சொன்னார். தனக்கு நட்டமான யோசனையைக் கேட்காமலே சொல்கிற ஆளிடம் பேரம் பேச முடியாது. கேட்ட நூறு ரூபாயைக் கொடுத்தேன். கம்பி முனையை அரத்தால் ராவி, பழைய டியூபிலிருந்து வெட்டிய ஒரு பட்டையை ரிம்மில் சுற்றிவிட்டிருந்தார். அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.

"இது தற்காலம். ரிம்மு மாத்தணும். ஆனா மாத்திட்டுத் திரும்ப நிறுத்திப் போடுகதா இருந்தா, மாத்தாண்டாம். ஓடுக ஆளுக்குக் குடுத்திருங்க."

மறுநாள் திங்கள்சந்தையில் ரிம்மை மாற்றினேன், ஸ்போக் ரிம்தான். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் நாகர்கோவிலில் பாலிடெக்னிக் படிக்கிறான், தினமும் பஸ்ஸுக்கு நிற்பான். சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். போன வாரம் போன் பண்ணினான். முன் டயர் பஞ்சராம். இந்தத் தடவை ஆணிதானாம்.